பாவாடைக்கு இல்லாத உறவு

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. அகராதி அலுவலகத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அது எனக்கு மறந்துவிடக் கூடாதென்று வாரம் ஒரு தடவை யாரிடமாவது சொல்லிக் காட்டுவார். பதிப்பாசிரியராம். தலையில் கனத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது.

எங்களுடையது ஐரோப்பியச் சொற்களுக்கு வேர் தேடும் அகராதி. 'ரோக்' என்கிற குட்டிச் சொல்லுக்காக மூன்று வாரம் மாடாய் உழைத்தேன். செக்கிலும் போலிஷிலும் அதற்கு ஆண்டு என்று பொருள். செர்பிய மொழியில் கெடு, ரஷ்ய மொழியில் விதி. எல்லாமே 'சொல்வது' என்ற பழைய ஸ்லாவிய வேரில் முளைத்தவை: சொல்லிவைத்த நாள், சொல்லிவைத்த முடிவு.

கடைசி அச்சுப்படி என் மேசைக்கு வந்தபோது என் பெயர் இருந்த இடத்தில் அத்தான் பெயர் இருந்தது. கூடவே அவர் கைவண்ணமாக ஒரு வரி. டச்சு மொழியில் 'ரோக்' என்றால் பாவாடை. அதையும் இதே வேரில் ஒட்டவைத்திருந்தார். அந்தப் பாவாடைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அது ஜெர்மானியச் சொல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்குக் காட்ட இருந்ததே இந்தப் பக்கம்தான். நல்லா மாட்டட்டும் என்று அப்படியே கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. ஒரு பேராசிரியர் அந்தப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கிழிகிழியென்று கிழித்து மதிப்புரை எழுதினார். இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

"கடைசி அச்சுப்படியில யார் கையெழுத்து?" என்றார் இயக்குநர்.

எங்கள் அலுவலகத்தில் பிழைக்குப் பொறுப்பு அதை எழுதியவரல்ல, கடைசியாகப் பார்த்து அனுப்பியவர். இது எனக்குத் தெரியாததா? ஆத்திரத்தில் புத்தி மழுங்கிவிட்டது. தெரிந்தேதான் விட்டேன் என்று அங்கே சொல்லவா முடியும்?

அத்தான் முந்திக்கொண்டார். "சின்னப் பொண்ணு சார், ஏதோ தெரியாம விட்டுட்டா. வேலைய விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. நான் பாத்துக்கறேன்."

"உங்க முகத்துக்காக விடறேன். ஆனா நிரந்தரமெல்லாம் இப்போதைக்கு இல்ல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ரொம்ப நன்றி அத்தான்" என்றேன்.

படியிறங்கும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும், அந்தப் பாவாடைல அப்படி என்னதான் தப்பு?"

சொன்னேன். அடுத்த பதிப்புக்கு ஆகும் என்று நின்று நிதானமாக எழுதிக்கொண்டார்.