இறக்கத்தில் கியர்

லாரி கம்பெனியில் ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவளுக்கு, அவர்கள் தலையாட்டுவதுதான் பயமாக இருந்தது. "மலை இறங்கும்போது நியூட்ரல்ல போடாதீங்க" என்பாள். ஆட்டுவார்கள். வெளியே போய் நியூட்ரலில்தான் இறங்குவார்கள். போன மாதம் அப்படி இறங்கிய ஒருவனுக்கு பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. வளைவில் இருந்த மண்மேட்டில் மோதி உயிர் தப்பினான். இடுப்பெலும்பு உடைந்து இன்னும் படுக்கையில் கிடக்கிறான். அடுத்தவனுக்கும் மண்மேடு வாய்க்குமா?

இந்த வித்தையைப் பரப்பியவன் அவளுடைய சொந்த அண்ணன். டீசலை அவனைப்போல் மிச்சம் பிடிக்க கம்பெனியில் ஆளில்லை, பட்டப்பெயரே மிச்சம். அவன் செய்வதை எல்லாரும் செய்தார்கள். தான் ஆபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் டீசலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உடனே மெக்கானிக்கைப் பிடித்து, அண்ணன் லாரியில் டீசல் மீட்டர் ஒன்றை மாட்டச் சொன்னாள்.

"எதுக்கு இந்தப் பொட்டி? என்னை வேவு பாக்கவா?"

"டீசல் எவ்வளவு குடிக்குதுன்னு காட்டும். பயமா இருந்தா வேணாம்ணே."

"பயமா? எனக்கா? ஏறு வண்டியில."

லாரி காலி, சரிவு லேசு, சாலையில் ஈ காக்கை இல்லை. அதனால்தான் அவளே இதற்குத் துணிந்தாள். அண்ணன் நியூட்ரலில் போட்டு, பார் என்பதுபோல் கையை விரித்தான். மீட்டரில் எண் குறைந்தது; ஆனால் பூஜ்யமாகவில்லை.

"எஞ்சின் அணையாம இருக்கணும்ல? அதுக்குக் குடிக்குது. இப்ப கியர்ல போட்டு, ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடு."

எடுத்தான். எண் பூஜ்யத்தில் போய் நின்றது.

"கெட்டுப்போச்சு உன் மீட்டர்."

"கெடலண்ணே. கியர்ல இருந்தா சக்கரமே எஞ்சினைச் சுத்திவிடும். இந்த மாதிரி புது வண்டி அதைத் தெரிஞ்சுக்கிட்டு டீசலை அடைச்சிடும். எஞ்சினைச் சுத்துற பாரம் வண்டியையும் இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும்."

திரும்பிப் போய் மறுபடி இறங்கினார்கள். மீட்டரைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் பூஜ்யம். அவன் முகம் சுருங்கியது.

"அப்ப நான் புடிச்ச மிச்சம்?"

"நீ விரட்டி ஓட்ட மாட்ட. சிக்னலைத் தூரத்துலயே பாத்துக் காலை எடுப்ப. மிச்சம் அதுல வந்ததுண்ணே."

"இது தெரிஞ்சா பசங்க என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க."

"நான் சொன்னா தலையாட்டுவாங்க. நீ சொன்னா செய்வாங்க."

ஷெட்டுக்கு வந்து சேரும்வரை இறக்கத்தில் எல்லாம் அவன் கண் மீட்டருக்கே போனது.

அடுத்த வகுப்பில், அவள் மீட்டர் கணக்கைத் திரையில் போட்ட நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தான்.

"மிச்சம் அண்ணன் கிளாசுக்கு வந்துட்டாரு, இன்னிக்கு மழைதான்!" என்றான் ஒருவன்.

"சிரிக்காதீங்கடா. நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். இறக்கத்துல கியர்ல விட்டா வண்டி சொட்டு டீசல் குடிக்காது. மீட்டர் மாட்டிப் பாத்தாச்சு. இனிமே நியூட்ரல்ல போறவன் முட்டாள்."

"நீங்கதானேண்ணே சொல்லிக் குடுத்தீங்க?"

"அப்ப நானும் முட்டாள்தான். போதுமா?"

அறையே சிரித்தது. திரையில் 'ஆய்வு' என்ற தலைப்புக்குக் கீழே அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. 'கண்டுபிடிச்சிருக்கேன்' என்ற சொல் அவளைக் குத்தியது. ஆனாலும் யாரும் அந்தப் பெயரைப் படிக்குமுன் திரையை அணைத்தாள்.

"அண்ணே, சூடானா பிரேக் ஏன் பிடிக்க மாட்டேங்குது?" என்று ஓர் ஓட்டுநர் கேட்டான்.

அண்ணன் அவள் பக்கம் கையைக் காட்டினான். "அதை... தங்கச்சிகிட்ட கேளு."

அவள் பலகையில் ஒரு வட்டம் போட்டாள். "இது பிரேக் டிரம். சூட்டுல விரியும். உள்ள இருக்கிற கட்டை அதைத் தொட இன்னும் தூரம் போகணும்."

"அதான் பெடல் உள்ள போய்க்கிட்டே இருக்குதா!" கடைசி பெஞ்சில் இருந்தவன் எழுந்து முன்னால் வந்தான். "இன்னொரு தடவை போடுங்க மேடம், கொஞ்சம் பெருசா."