மூன்றாம் நிலைக்கான சம்பளம்

புதிய சம்பளப் பட்டியலை ஒட்டிய பசை காய்வதற்குள் நாங்கள் பதினோரு பேரும் அதை இரண்டு முறை படித்துவிட்டோம். முதல் நிலை, உதவியாள். இரண்டாம் நிலை, இஸ்திரி போடுபவர். மூன்றாம் நிலை, இயந்திரம் இயக்குபவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று ஒரு தொகை. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பெரிய இயந்திரத்தை ஆறு வருஷமாக ஓட்டுவது நான்தான். அடையாள அட்டையில் மட்டும் இன்னும் உதவியாள்.

"அண்ணி, இனிமே மழை ஒழுகாத வீடாப் பாத்துடலாம்," என்றாள் என் நாத்தனார். விரிப்பு மடிக்கிற மேஜை அவளுடையது. மனசுக்குள் அவள் சாமான்களைக்கூட ஏற்றிவிட்டாள்.

பத்து மணிக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வருவதாக ஏற்பாடு. யார் எந்த வேலை செய்கிறார்களோ, அதை நேரில் பார்த்து நிலையை எழுதுவாராம். ஒன்பதே முக்காலுக்கு மேற்பார்வையாளர் என்னிடம் வந்தார்.

"இன்னிக்கு மட்டும் மடிக்கிற பக்கம் நில்லுங்கம்மா. மெஷினை நான் பாத்துக்கறேன்."

கோபத்துக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. மனிதர் அந்த இயந்திரத்தைத் தொட்டதெல்லாம் அதன் தலையில் டிபன் பாக்ஸை வைப்பதற்குத்தான்.

அதிகாரி ஒரு பெண். அவர் பேனாவைத் திறந்ததும் மேற்பார்வையாளர் கதவைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் கம்மென்று இருந்தது. மறுபடி அழுத்தினார். கதவின் அடிப்பக்கம் முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் பூட்டு விழும். அது ஓட்டுகிறவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. எனக்கோ கால் பரபரத்தது. யார் திண்டாடினாலும் ஓடிப்போய்ச் செய்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வது என் சுபாவம். ஆறு வருஷம் உதவியாளாகக் கிடந்ததே அப்படித்தான். இப்போதும் இரண்டடி வைத்துவிட்டேன்.

நாத்தனார் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கூப்பிடாம போனா ஒத்தாசைன்னு எழுதிடுவாங்க. இருங்க அண்ணி."

நின்றேன். மேற்பார்வையாளர் மூன்றாம் முறையாகப் பொத்தானை அழுத்தினார்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "இதை வழக்கமா யாரு ஓட்டறது?"

"நான்தான்," என்றேன். இவ்வளவு பெரிய குரல் என்னிடம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"அவங்க சும்மா ஒத்தாசைக்கு..." என்று மேற்பார்வையாளர் இழுத்தார்.

"ஓட்டிக் காட்டுங்க," என்றார் அதிகாரி, என்னைப் பார்த்து.

நடந்தேனா ஓடினேனா தெரியாது. அப்படி ஒரு சந்தோஷம். முழங்காலால் ஓர் இடி, பூட்டு விழுந்தது. தண்ணீர் இரைந்து ஏற, வெள்ளை விரிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று புரள ஆரம்பித்தன. பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது. எந்த நிலையை எழுதுகிறார் என்று நாத்தனார் எட்டி எட்டிப் பார்ப்பது கண்ணாடிக் கதவில் தெரிந்தது. திரும்ப எனக்கு நேரமில்லை. தண்ணீர் அளவுக்கோட்டைத் தொடப்போகிறது, சோப்புத்தூளை அள்ளிய கை இயந்திரத்தின் சோப்பு வாய்க்கு நேரே காத்திருந்தது.