பளீலாவின் விரலில் நூற்றுத் தொண்ணூற்றொன்று

பேராசிரியர் ஜெயகாந்தன் தபால்முத்திரை அளவான ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிக் காட்டி, "இது ஒரு முழு ஆய்வுகூடம்" என்றார். பாலாவி உப்பளத்து வாடிக் கொட்டகைக்குள் வரிசையாக நின்ற நாற்பது பெண்களும் பார்த்தார்கள். வெளியே வாரவேண்டிய உப்பு பாத்தி பாத்தியாகக் கிடந்தது. ஆய்வுகூடம் பேசி முடிப்பதாக இல்லை.

அந்தத் துண்டுக்குள் தலைமயிரிலும் மெல்லிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. விரல்நுனி இரத்தம் ஒரு சொட்டு விட்டால், உடம்பில் சோடியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று மூன்று நிமிடத்தில் சொல்லிவிடும். அந்த வாய்க்கால்களை வரைந்தவள் அவர் அருகில் நின்ற, தில்லையடி ஊர்க்காரியான கலாநிதி நுஸ்ரா. நான்கு வருட உழைப்பு. அவற்றைப் பற்றி ஏழு நாடுகளில் பேசியவர் பேராசிரியர். நியாயமான வேலைப் பங்கீடு.

முதலில் விரல் நீட்டியவள் பளீலா. கையுறையும் பூட்ஸும் கேட்டு, உப்பளச் சொந்தக்காரர் முனாஸ் ஹாஜியாரின் உயிரை மூன்று மாதமாக வாங்குபவள். விடிந்ததிலிருந்து உப்பு வாரிவிட்டு நேரே வந்திருந்தாள். பேராசிரியர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரலைத் துடைத்து, குத்தி, சொட்டை 'சிப்' என்ற அந்தத் துண்டில் விட்டார்.

"நூற்றுத் தொண்ணூற்றொன்று!" அவர் குரலில் கவலையைவிடக் குதூகலம் அதிகம். "நூற்றி நாற்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. அம்மா, இந்த அளவு சோடியத்தோட நீங்கள் இப்ப மயங்கிக் கிடக்கவேணும்."

"மயங்க நேரமில்ல சேர். ரெண்டு பாத்தி மிச்சம் கிடக்கு."

கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஹாஜியார் முந்திக்கொண்டார். "கேட்டீங்களா? நான் சொன்னா கொடுமைக்காரன். இப்ப மெஷினே சொல்லுது. நாளைக்கு இவ மவுத்தாப் போனா ஆரு பதில் சொல்ற? பளீலா, நீ ஊட்ட போ. இனி வேலைக்கு வரத் தேவல்ல."

"என்ட ஊட்டுல மூணு பேரு என்ட கையப் பாத்துக்கிட்டு இரிக்கி ஹாஜியார்! எனக்கென்ன சுகமில்ல?"

"சேர், அது ரத்தத்தில உள்ள உப்பில்ல" என்றாள் நுஸ்ரா. "விரல்ல உள்ள உப்பு."

"ஸ்பிரிட்டால துடைச்சனே."

"ஸ்பிரிட்டுக்குக் கிருமி சாகும். உப்பு லேசில போகாது. தண்ணியில கழுவோணும் எண்டு போன வருஷமே எழுதித் தந்தன். நீங்கதான் வெட்டினீங்க."

வெட்டியதற்குக் காரணம் இருந்தது. கை கழுவினால் நான்கு நிமிடமாகும். பேராசிரியரின் டீ சேர்ட்டில் 'ஒரு சொட்டு, மூன்று நிமிடம்' என்று அச்சடித்தாகிவிட்டது. தவிர, உள்ளங்கையில் அடங்கும் ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைப்பது விஞ்ஞானத்துக்கே அவமானம். கொழும்பில், குளிரூட்டிய அறையில், மாணவர்களின் விரல்கள் எந்தத் தொந்தரவும் தந்ததில்லை.

நுஸ்ரா அனுமதி கேட்கவில்லை. குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரை ஊற்றி, பளீலாவின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலர்த்தி, வேறு விரலில் குத்தினாள். நூற்று முப்பத்தொன்பது.

"ரெண்டு விதமாக் கதைக்கிற மெஷின்ட எந்தக் கதைய நம்புற?" என்றார் ஹாஜியார். "எனக்கு முதல் கதைதான்."

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். பதிவேட்டில் முதல் அளவை வெட்டிக் காரணம் எழுதவேண்டும். 'எங்கள் பிழை' என்று எழுதினால் ஆய்வுக்கு நிதி தந்தவர்கள் வாசிப்பார்கள். அவர் யோசித்து, எழுதி, பெருமையோடு வாசித்தும் காட்டினார்: "பரிசோதிக்கப்பட்டவரின் விரல் தகுதியற்றது."

"பாத்தீங்களா!" ஹாஜியார் எழும்பியே விட்டார். "தகுதியில்லாத விரல்! சேரே எழுதிட்டார்."

பளீலா பேராசிரியருக்கு நேரே போய் நின்றாள். "இவ்வளவு படிச்சும் உங்கட பிழையக் கொண்டுபோய் வெக்க என்ட விரல்தானா கெடச்ச?"

அடுத்ததாக நின்ற ஜுமானா நீட்டிய கையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நான் தரமாட்டன். நாளைக்கு என்ட விரலும் தகுதியில்லாமப் போகும்." அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் கையைக் கட்டினார்கள். மாலைக்குள் நாற்பது விரல்களின் அளவுகளை அனுப்பாவிட்டால் திட்டம் நின்றுவிடும். பேராசிரியரிடம் இருந்ததோ ஒரே ஒரு விரல். அதையும் அவரே கழித்துவிட்டிருந்தார்.

"நுஸ்ரா, நீர் எந்தப் பக்கம்?"

"சிப்பின்ட பக்கம் சேர். அது உப்ப உப்பெண்டுதான் சொன்ன. பொய் சொன்னது பேனை."

பேராசிரியர் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு வசனம் எழுத அரைமணி நேரம் பிடித்தது. மூன்று தடவை வெட்டினார். 'எங்கள்' என்ற சொல்லில் பேனை நெடுநேரம் நின்றது. கடைசியில் கையொப்பமும் விழுந்தது.

பளீலா பதிவேட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தை ஹாஜியாரின் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"வாசிங்க."

"விரலைக் கழுவாமல் சோதித்தது எங்கள் பிழை. இவர் வேலைக்குத் தகுதியானவர்" என்று ஹாஜியார் முணுமுணுத்தார்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல. இன்னொருக்கா வாசிங்க."

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.