அந்தப் பக்கத்துக் கேபிள்

அண்ணன் பலவேசம் தென்காசியை விட்டே போகிற அன்றைக்குப் பார்த்துத்தானா நம்பிராஜனின் கடையில் கம்ப்யூட்டர் சர்வர் படுக்க வேண்டும்!

சாரல் சீசன் வேறு. குற்றாலத்து லாட்ஜுகளெல்லாம் சோப்பு அனுப்பு, பினாயில் அனுப்பு, துண்டு அனுப்பு என்று போன் மேல் போன் போட்டன. பில் போடுகிற கம்ப்யூட்டரோ சர்வரைக் காணோம் என்று கைவிரித்துவிட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஷெர்லினுக்குச் சொல்லியனுப்ப, அவள் சுரண்டையிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்தாள். தன் லேப்டாப்பை சர்வரோடு நேராகச் சேர்த்துப் பார்த்தாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"நெட்வொர்க் கார்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கேபிள் பிடுங்கிக் கெடக்குன்னு சொல்லுது. இந்தக் கேபிள் எங்கன போகுது?"

நம்பிராஜன் சுவரைப் பார்த்தார். எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியாதா என்ன? ஒரே கடையாக இருந்ததுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பினார்கள். எதற்கு? ஒரு லாட்ஜ் ஆர்டர் யாருக்கு என்பதற்கு. வெட்கக்கேடு! அலமாரி முதல் தராசு வரை எல்லாவற்றையும் பிரித்தவர்கள், கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. அது அண்ணன் பக்கமே நின்றுவிட்டது. சுவரில் ஓட்டை போட்டுக் கேபிளை விட்டதோடு சரி, அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

இப்போது அண்ணன் தன் பாதியை ஒரு செல்போன் வியாபாரிக்கு விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு இருக்கப் போகிறார். மதியம் கார் கிளம்புகிறது. தெருவே போய்ப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டது. தம்பி போகவில்லை. மூத்தவர்தானே, அவர் வந்து சொல்லட்டுமே என்று உட்கார்ந்திருந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். காலையிலிருந்து காது அந்தச் சுவர்ப் பக்கமே இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. ஊரில் அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே ரத்த உறவும் இன்றோடு போகிறது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

"அந்தப் பக்கம் போய்ப் பாத்தா அஞ்சு நிமிஷ வேல," என்றாள் ஷெர்லின். "நான் போய்க் கேக்கட்டா?"

"வேண்டாம்மா. மொதல்ல இங்கன எல்லாத்தையும் பாரு."

"பாத்துட்டேனே!"

"டிரைவர் கிரைவர்னு என்னமோ சொல்லுவியே, அதப் புதுசாப் போடு."

போட்டாள். கேபிள் இல்லை என்று திரையில் காட்டும் சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. கேபிளின் முனையை வெட்டிப் புதுசாக மாட்டினாள். ம்ஹூம். கார்டையே மாற்று என்றார். நல்ல கார்டைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல கார்டைப் போட்டாள். சாரல் மழையாகவே வலுத்துத் தகரத்தில் கொட்டியது. தெருவில் என்ன நடக்கிறதென்று ஒன்றும் காதில் விழவில்லை. சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய," என்றாள் ஷெர்லின் கடைசியில். "நோவு அங்கன இருக்கு. நீங்க இங்கன ஊசி போடச் சொல்லுதிய."

நம்பிராஜன் எழுந்தார். கேபிளைச் சாக்குச் சொல்லியாவது அந்த முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. முகம் கழுவினார், தலை சீவினார், என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே படியிறங்கி அந்தப் பக்கம் போனார்.

வாசலில் கார் இல்லை. கடை துடைத்துவிட்டதுபோலக் காலியாக இருந்தது. அண்ணன் கடையில் பில் போடும் மீனா மட்டும் சாவியோடு நின்றாள்.

"அண்ணன்?"

"இப்பத்தான் வாறியளா அண்ணாச்சி?" மீனாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "காலையில கடையத் தெறந்ததும் மொத வேலையா உங்க கேபிளத்தான் பிடுங்குனாவ. 'வேற எதுக்கும் வரமாட்டான், யாவாரம் நின்னா வருவான் பாரு'ன்னு சொன்னாவ. சாமானெல்லாம் ஏத்தின பெறகும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாவ. மகன் ஹார்ன் அடிச்சே ஓஞ்சுபோனாரு. சாப்பிடக்கூட இல்ல."

"பாவி! ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார் நம்பிராஜன். யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

பிடுங்கிக் கிடந்த கேபிள் முனையைக் குனிந்து எடுத்தார். மீனா போனைப் போட்டு இன்னொரு கையில் கொடுத்தாள். எடுத்த எடுப்பில், "என்ன மீனா, வந்தானா?" என்றது அண்ணன் குரல்.

"நான்தாம்ணே."

அங்கே கார் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏலே... நெட்டு வந்துட்டா?"

பிடுங்கின கேபிள் முனை நம்பிராஜன் கையில்தான் இருந்தது. அதை மாட்ட வேண்டிய பெட்டி எதிர்ச் சுவரிலேயே இருந்தது.

"வரலண்ணே. என்னென்னமோ செஞ்சு பாத்தாச்சு. நீ வந்துதான் பாக்கணும்."

"புளியங்குடி தாண்டியாச்சு லே," என்றார் பலவேசம். "நீயே மாட்டிக்கிடு."

"சரிண்ணே."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேபிளை மாட்டினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஷெர்லின், "வந்துட்டு அண்ணாச்சி, வந்துட்டு!" என்று கத்தினாள்.