தட்டில்லாத விருந்து

பள்ளிகள் தேசிய மொழியைக் கொண்டாடும் மொழி மாதத்தின் கடைசி வெள்ளி. மலையிலிருந்து இறங்கிய மேகம், அழைப்பிதழ் இல்லாத விருந்தாளியாகப் பள்ளி முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்தது. எட்டு மேசைகளை ஒட்டிப்போட்டு, வாழை இலை பரப்பி, சோறும் வினிகரில் வெந்த அடோபோக் கறியும் சுட்ட மீனுமாகக் குவித்திருந்தாள் பள்ளிச் சமையல்காரி ஆம்பரோ. தட்டு மட்டும் கிடையாது. தலைமையாசிரியை வில்லாஃப்ளோரின் உத்தரவு.

"தட்டெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. நம்ம முன்னோர் இலையிலதான் சாப்பிட்டாங்க" என்று அவர் ஒலிபெருக்கியில் முழங்கினார், ஆங்கிலத்தில். அன்னாசி நார்ச் சட்டையின் பட்டாம்பூச்சிக் கைகள் விறைத்து நின்றதில், அவர் கை வாய்வரை எட்டவில்லை.

இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த கல்வி அதிகாரி மூன்று கவளம் உண்டார், முப்பது படம் எடுத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு ஸ்கூல் இருக்கு" என்று எழுந்தார்.

ஆம்பரோவுக்குத் திக்கென்றது. அவருடைய ஜீப்பை ஓட்டுவது அவள் புருஷன் இசித்ரோ. நேற்றுத்தான் மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது. சாப்பாட்டின் நடுவே ஒருவர் கிளம்பினால், மற்றவர்கள் தங்கள் தட்டை இருந்த இடத்திலேயே வட்டமாகத் திருப்பி வைக்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. அப்போதுதான் போகிறவர் பத்திரமாய்ப் போய்ச் சேருவார்.

"தட்டைத் திருப்புங்க!" என்று கத்தினாள்.

நூறு கைகள் பழக்கத்தில் நீண்டு, இலைமேல் தடவித் தடவி நின்றன.

"இலையைத் திருப்பலாமாக்கா?" என்றார் கணக்கு வாத்தியார் நெஸ்டர்.

"திருப்புங்க சார். சோறெல்லாம் உங்க மடியிலதான்."

வெளியே ஜீப் உறுமியது.

"மேசையைத் தூக்குங்க!"

"முழுசாவா?"

"பாதி மேசைக்குப் பாதி புருஷன்தான் வருவான். தூக்குங்க சார்!"

எல்லோரும் தூக்கினார்கள். பச்சைப் படகு ஒன்று கரையை விட்டதுபோல் மேசை வரிசை மேகத்துக்குள் மிதந்தது. மெல்ல, மிக மெல்ல, முற்றத்தைச் சுற்றித் திரும்பியது. ஒரு பருக்கை சிந்தவில்லை. தலைப்பக்க மூலையைப் பிடித்திருந்த தலைமையாசிரியையும் கூடவே நடந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்த கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூச்சு வாங்கியபடி ஒலிபெருக்கியை எடுத்தார். "இது நம் முன்னோரின் மேசை நடனம். ஒரு மாதமாகப் பயிற்சி எடுத்தோம்."

கைதட்டல் எழுந்தது.

"கொஞ்சம் சும்மா இருங்க மேடம்" என்றாள் ஆம்பரோ.

மலையடிப் பாலத்தைத் தாண்டியதும் இசித்ரோ இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். எல்லோரும் பாதைப் பக்கம் காதைத் திருப்பினார்கள். மேகத்துக்குள் எங்கோ ஒரு ஹாரன் ஒலித்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

ஆம்பரோ உட்கார்ந்து, முதல் கவளத்தை எடுத்தாள்.