எண்பது கேரட் வில்லைகள்

நவம்பர் மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, வளைகுடா நாட்டு முசஃபாவில் யூதர்களுக்கான சமையல்கூடத்தில், எண்பது மீன் உருண்டைகளின் மேல் வைத்த எண்பது கேரட் வில்லைகளும் சமையல்காரர் கார்மேகத்தைத் திரும்பிப் பார்த்தன. வில்லையின் நடுவிலிருக்கும் வெளிர்மஞ்சள் வட்டம் கருவிழிபோல நகர்ந்தது. அவர் இடப்பக்கம் போனால் இடப்பக்கம் வந்தது. குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினால் குளிர்ப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று வெளியே முப்பத்தோரு டிகிரி, காற்றில் மணல் இல்லை.

அந்த உருண்டைக்கு கெஃபில்டே மீன் என்று பெயர். கலவா மீனை முள் நீக்கி, வெங்காயம், முட்டை, ரொட்டித்தூள் சேர்த்து அரைத்து, மீன்தலை கொதித்த சாற்றில் வேகவைத்து, சாறு உறைந்தபின் சில்லென்று உண்பார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை முள் பிரிப்பதும் வேலையில் சேரும் என்பதால் முந்தின நாளே முள் போய்விட வேண்டும். வாங்குகிற இருபத்துமூன்று வீடுகளில் பாதிப்பேர் சீனி கேட்டார்கள். மீதிப்பேர் சீனி போட்டதை மீன் என்றே ஒப்பவில்லை, மிளகு கேட்டார்கள். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள், வயதானவர்கள் முதல் வாயிலேயே கண்கலங்கினார்கள். பாத்திரம் கழுவும் ஐயப்பன் ஒருமுறை ருசி பார்த்துவிட்டு, "மீனுல சீனியாப்பா? எங்க ஊர்ல இத எலையில வச்சா சம்பந்தமே முறிஞ்சு போகும்" என்றார். "காய்ச்சக்காரனுக்குப் பத்தியம்னு நெனச்சுக்கண்ணே" என்றார் கார்மேகம்.

அந்தச் சமையல்கூடத்தின் முதல் விதி, அடுப்பை மேற்பார்வையாளர் ஜெல்மன்தான் பற்றவைக்க வேண்டும் என்பது. யூதர் கை பற்றவைக்காத நெருப்பில் வெந்ததை அந்த வீடுகள் தொடமாட்டா. ஜெல்மன் ஆண்ட்வெர்ப்பில் வைரக்கடை குஜராத்திகளோடு பழகி ஹிந்தி கற்றவர். அன்று காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு துபாய் போயிருந்தார். பத்தே முக்காலுக்கு சிலிண்டர் தீர்ந்தது. ஐயப்பன் புதியதை மாட்டினார். பன்னிரண்டு வருஷம் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் சமைத்த கார்மேகத்தின் கை, அவரைக் கேட்காமலே லைட்டரை எடுத்துப் பற்றவைத்துவிட்டது. ஜெல்மனுக்குப் போன் செய்திருந்தால் எண்பதும் குப்பைக்குப் போயிருக்கும், சூரியன் சாய்ந்து ஓய்வுநாள் தொடங்குவதற்குள் மறுபடி சமைக்க மீன் இல்லை. கார்மேகம் போன் செய்யவில்லை. மூன்று மணிக்கு வந்த ஜெல்மன் வழக்கம்போல டப்பாக்களுக்கு, விதிப்படி சமைத்தது என்ற முத்திரை வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கேரட்டுகள் பார்த்தன. கார்மேகம் கேரட்டுக்குப் பதில் பீட்ரூட் வைத்தார், அதுவும் பார்த்தது. கவிழ்த்து வைத்தார், உறைந்த சாற்றுக்குள் மெல்லப் புரண்டு நிமிர்ந்தது. ஏழு வெள்ளிக்கிழமைகளில் அவர் ஆறு கிலோ இளைத்தார். ரூமில் தட்டு வைத்தால் சாம்பாரில் கேரட் கிடக்கிறதா என்று முதலில் கிளறிப் பார்த்தார். "என்னப்பா, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி ஒன்னையே மொறைக்குது?" என்று ஐயப்பன் சிரித்தார். கார்மேகத்துக்கு விசா புதுப்பிக்கும் தாள் வந்திருந்தது. அதில் மேற்பார்வையாளர் என்ற முறையில் ஜெல்மன் கையெழுத்து வேண்டும். கையெழுத்து விழாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான், மகள் அகிலாவின் நர்சிங் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிடும்.

டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஜெல்மன் தட்டுகளின் நடுவே தாளை விரித்து, பேனா மூடியைத் திறந்தார். எண்பது வில்லைகளும் கார்மேகத்தை விட்டுப் பேனாவைப் பார்த்தன. பிறகு கார்மேகத்தைப் பார்த்தன.

"சாப், கையெழுத்துப் போடாதீங்க" என்றார் கார்மேகம் ஹிந்தியில். "அன்னைக்கு நீங்க துபாய் போயிருந்தப்ப அடுப்பு அணைஞ்சுபோச்சு. நான்தான் பத்தவச்சேன்."

ஜெல்மன் பேனாவை மூடினார். எந்தத் தேதி, எந்த அடுப்பு, எத்தனை டப்பா என்று வரிசையாகக் கேட்டு நோட்டில் எழுதினார். அன்று தாமே நான்கு உருண்டை சாப்பிட்டதையும் எழுதினார். இருபத்துமூன்று வீடுகளுக்கும் போன் செய்தார். ஒன்பது வீடுகள் அன்றோடு வாங்குவதை நிறுத்தின. புஜைராவிலிருந்த ஒரு மூதாட்டி மட்டும், அன்றைய மீனில் மிளகு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தீட்டு நீங்கப் பாத்திரங்களை ஒருநாள் சும்மா வைத்து, கொதிநீரில் முக்கி எடுத்தார்கள். வேறு ஆள் பார்க்கலாம் என்றார் முதலாளி.

"புது ஆள் வந்தா அவனை நான் ஒருத்தன் பார்த்துக்கணும்" என்றார் ஜெல்மன், வில்லைகளைக் காட்டி. "இவனைப் பார்த்துக்க எண்பது பேர் இருக்காங்க. கலாஸ், பேச்சு முடிஞ்சுது." தாளில் கையெழுத்துப் போட்டார்.

உண்மையைச் சொன்னபின் பார்வை விலகும் என்று கார்மேகம் நினைத்திருந்தார். விலகவில்லை. இப்போது இரண்டு வருஷமாகிறது. நின்ற ஒன்பது வீடுகளில் ஏழு திரும்பிவிட்டன, அகிலா மதுரையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கார்மேகம் லீவில் போன இரண்டு மாதமும் வில்லைகள் வாசலையே பார்த்துக்கிடந்தன என்று ஜெல்மனின் நோட்டில் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்தால் கார்மேகம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஐயப்பன் போன் செய்கிறார். காய்கறி மார்க்கெட்டில் மட்டும் கடைக்காரரோடு தகராறு. ஒல்லிக் கேரட்டை எடுத்து வைத்தால் கார்மேகம் தள்ளிவிடுகிறார்.

"தடியா இருக்கறதாக் குடு பாய்" என்கிறார். "அதுங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியணும்ல."