கம்பிவலை இல்லாத விசிறி

அக்காவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்ததற்கே நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவள். இப்போது கல்லூரியில் அவளும் தம்பியும் சேர்ந்து செய்த ரோபோ அரையிறுதிக்கு வந்துவிட்டது. எதிராளியின் ரோபோவை மேடையை விட்டு வெளியே தள்ள வேண்டும், அவ்வளவுதான் போட்டி. இவர்களுடையது எடை குறைவு. அதனால் முதுகில் ஒரு விசிறி வைத்திருந்தார்கள். அது காற்றை மேலே தள்ளி ரோபோவைத் தரையோடு அழுத்தும்.

விசிறியின் மேல் கம்பிவலை கட்டாயம் என்பது விதி. காலையில் பரிசோதகர் விரல் தடிமனில் ஒரு குச்சியை அதற்குள் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். அந்த வலைதான் காற்றை மறிக்கிறது என்று அக்காவுக்குப் பட்டுவிட்டது. பட்டுவிட்டால் அப்புறம் அவளை யார் பிடிப்பது?

“வேணாம்க்கா. பேட்டரி பிளக் விசிறிக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் அதைப் பிடுங்க நான்தானே கையை விடணும்?”

“பயந்தாங்கொள்ளி! நின்னப்புறம் விடு. உன்னை யாரு அவசரப்படுத்தறா?”

வலையைக் கழற்றிக் கருவிப்பெட்டியில் போட்டாள். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு.

அரையிறுதியில் ரோபோ பசை போட்டதுபோல் நின்றது. எதிராளி தள்ளித் தள்ளி ஓய்ந்ததும் ஒரே மூச்சில் அதை வெளியே தள்ளிவிட்டது. அரங்கம் அதிர்ந்தது. விசிறியை அணைத்தாலும் இறக்கை உடனே நிற்காது. சுற்றும்போது அந்தக் கறுப்பு இறக்கை கண்ணுக்கும் தெரியாது. சத்தம் அடங்கிவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்டுத்தான் இருவரும் கைவைப்பார்கள். இந்தக் கூச்சலில் எதைக் கேட்பது? தம்பி தயங்கி நின்றான்.

“என்னடா பராக்கு பாக்கறே? அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடறாங்க, பிடுங்குடா!” என்று கத்தியது அக்காதான்.

அவன் கையை விட்டான்.

இரண்டு விரல்கள் போய்விட்டன. ஒட்டவைக்க முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

மாலையில் பரிசோதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“வலையைக் கழட்டினது யாரு?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். “நான்தான் சார். அக்காவுக்குத் தெரியாது.”

அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “பாவி! உனக்கு எதுலதான் விளையாட்டு இல்ல? கூட இருக்கறவ எவ்வளவு பொறுப்பா இருக்கா, அவளைப் பாத்தாவது புத்தி வர வேணாமா?”

தம்பி தலைகுனிந்தான். அக்காவை அவமானம் பிடுங்கித் தின்றது. ஒரு வார்த்தை போதும், சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா இனி தன்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டது. பரிசோதகர் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். “நீ போய் ஏதாவது சாப்பிடும்மா. காலையிலேர்ந்து இவனோட மல்லுக்கட்டியிருக்கே.”

அக்கா கேன்டீனுக்குப் போனாள். வாங்கியதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.